அமுக்கிய பக்கம் தடை அதிகம்

2025 ஜூன் 9

இதை நான் முன்னமே சொன்னேன். உலகத்திலேயே முதல் ஆளாகச் சொன்னேன்.

அக்கா மகள் வின்சி பெங்களூர் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து போன் பண்ணினாள். அவள் கட்டுரையைப் பத்திரிகையில் போடுகிறார்களாம். இரும்பும் ஆர்செனிக்கும் கலந்து அவள் வளர்த்த படிகம். ரொம்பக் குளிரவைத்தால் மின்தடையே இல்லாமல் போகிற ரகம். அதை நான் பட்டறையில் செய்து கொடுத்த கிளாம்ப் இடுக்கியில் ஒரு பக்கமாக அமுக்கி, மைனஸ் நூற்றைம்பது டிகிரியில் அளந்தாளாம். அமுக்கிய திசையில் தடை அதிகம், குறுக்கே குறைவு. ஒரே துண்டு, ஒரே குளிர், திசைக்கு ஒரு கணக்கு! அணுக்கள் நெருங்கினால் கரண்ட் சுலபமாக ஓடும் என்றுதான் யாரும் நினைப்பார்களாம். நான் ஜனவரியிலேயே சொன்னேன்: நெருக்கினால் எவன் நகர்வான்? ஃபிட்டர் படிப்பை ஒரே வருடத்தில் விட்டவனுக்குத் தெரிகிறது.

ஜூன் 10

டீக்கடையில் சொன்னேன். படிகம் ஜிகினாத் துண்டு மாதிரி இரண்டு மில்லிமீட்டர் என்றால் யார் மதிப்பார்கள்? உள்ளங்கை அகலம் என்றேன். எங்கள் பட்டறையில் அளவு பார்க்கிற முனிவேல் பக்கத்திலேயே நின்றான். "ஏண்ணா, காலைல கட்டைவிரல் நகம்னீங்க. அதுக்குள்ள வளந்துடுச்சா?" என்றான். வயிற்றெரிச்சல்.

ஜூன் 15, ஞாயிறு

பூசை முடிந்து வின்சி நேரே மூக்கண்டப்பள்ளி வீட்டுக்கு வந்தாள். கையில், அச்சுக்குப் போகிற கட்டுரை. கடைசியில் நன்றி என்று போட்டு என் பெயர். மேரிராணி அக்கா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்கு மேலே ஒரு கட்டம்: கிளாம்ப்பின் இரண்டு தாடைகளும் நேரிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்று ஆறு இடத்து அளவு. 3, 2, 3, 4, 3, 2 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று.

"தாடை கோணலா இருந்தா படிகத்துல ஒரு ஓரம்தான் அமுங்கும், உன் கணக்கே தப்பாயிடும்னு கட்டுரைய சரிபார்க்கறவரு கேட்டாரு மாமா. உங்க இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்ட எடுத்து வெச்சேன். ஆளு கப்சிப்."

கட்டுரையை வாங்கி அந்தக் கட்டத்தைத் திரும்பப் பார்த்தேன்.

அந்த ஆறையும் நான் அளக்கவே இல்லையே. ஐந்துக்குள் வேண்டும் என்று கேட்டிருந்தாள்; போட்டேன். அவசர வேலைக்கு எப்போதும் செய்வதுதான். எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வரும் என்று ஒன்று முன்னே, ஒன்று பின்னே எழுதுவேன். அந்த நாலைப் போட்டபோது, அசல் மாதிரி இருக்கிறது என்று எனக்கே பெருமை.

அது புத்தகத்தில் வருமா? உலகம் முழுக்கப் படிப்பார்களா?

ஜூன் 16

நேராகத்தான் இருக்கும். என் கை வேலை.

ஜூன் 17

ஜோடியாகச் செய்த இன்னொரு கிளாம்ப் என் டிராயரில் கிடந்தது. அதே மெஷின், அதே நாள். முனிவேலிடம் கொடுத்தேன். மூன்று தரம் வைத்துப் பார்த்தான்.

முப்பத்தெட்டு மைக்ரான்.

யாருக்குச் செய்தது என்று கேட்டான். கஸ்டமருக்கு என்றேன். "திருப்பி அனுப்பிடுவாங்கண்ணா," என்றான். அவள் அனுப்பமாட்டாளே — நம்பினாளே.

ஜூன் 19

வின்சிக்குப் போன் போட்டு முப்பத்தெட்டைச் சொன்னேன். மெஷின் பழசு என்றேன். கரண்ட் கட் என்றேன். வின்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அளந்தீங்களா இல்லையா மாமா? அத மட்டும் சொல்லுங்க," என்றாள்.

இல்லை என்றேன்.

"ஆறு மாசம் போச்சு மாமா." வைத்துவிட்டாள்.

கட்டுரையை நிறுத்தச் சொல்லி எழுதிவிட்டாளாம், அக்கா சொன்னாள். அதற்கு மேல் அக்கா என்னிடம் பேசவில்லை.

ஜூலை 24

புதுக் கிளாம்ப் போன வாரம் முடிந்தது. முனிவேல் அளந்தான், நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வின்சி மறுபடி அளந்துவிட்டாள். அமுக்கிய பக்கம்தான் தடை அதிகம், அது மாறவில்லை. ஆனால் எத்தனை மடங்கு என்று முதலில் எழுதியது தப்பு. எல்லாப் படத்தையும் திரும்பப் போடுகிறாள். டிசம்பரில் முடியவேண்டிய அவளுடைய ஆராய்ச்சிப் படிப்பு அடுத்த ஜூனுக்குப் போய்விட்டது.

பத்திரிகைக்கு அனுப்ப என் கையெழுத்தில் ஒரு விளக்கம் கேட்டாள். முதலில் எழுதியது ஒரு பக்கம் வந்தது. அதில் என் இருபத்தாறு வருட அனுபவமெல்லாம் இருந்தது. கிழித்தேன். அடுத்ததில் மெஷினைத் திட்டியிருந்தேன். அதையும் கிழித்தேன். அனுப்பியது இவ்வளவுதான்:

"கிளாம்ப் தாடைகளுக்கு நான் கொடுத்த ஆறு அளவுகளும் அளந்து எடுத்தவை அல்ல. நானாக எழுதியவை."