எட்டுக் கரண்டி வெங்காரம்

நாள் 209, காலை 10:20

அணு உலைக் குடிசை, நிலாவோட தென்முனை. பேசுறது ஸ்தனிஸ்லாஸ் கொரைரா, தூத்துக்குடி, வயசு அறுவத்தேழு. எழுதத் தெரியாம இல்ல, எழுதுனா எனக்கே வாசிக்க வராது. அதான் பேசிப் பதியுதேன்.

கரண்டு 95 கிலோவாட். உலைக் கம்பி நாலும் நூத்துக்கு நாப்பது தூக்கி நிக்கி. கனநீர்த் தொட்டி சூடு சரி. பள்ளத்துக்குள்ள இருக்குற சுரங்கத்துக்குப் போற கேபிள் சரி. தொட்டிக்குத் தண்ணி போற குழாயில வால்வு ஒழுகிச்சு. புது வால்வு மாத்தியாச்சு. முடிஞ்சுது.

சுரங்கத்துல இருந்து வந்த செய்தி: "வே கொரைரா, ஐகோர்ட்துரை பேசுதேன். இங்க சீனி தீந்து போச்சு. உம்ம அலமாரியில ஒரு டப்பா சீனி இருக்குன்னு தெரியும். நாள் 221 கப்பல் வரும்போது நான்தான் உம்மள மாத்த வாரேன். டப்பா பத்திரம்."

பதில் அனுப்புனேன்: "அது எங்க வீட்டுச் சீனி லே. ஒனக்கு ஒத்துக்காது."

நாள் 210, மதியம் 12:00

95 கிலோவாட். கம்பி நாப்பத்தெட்டு. எட்டு எதுக்கு ஏறிச்சுன்னு தெரியல. உலை தானா ஏத்திக்கிட்டுது. டீ குடிச்சேன், சீனி இல்லாம.

நாள் 211, மதியம் 2:05

கம்பி அறுவத்தி ரெண்டு.

இத யாரு கேக்கப் போறாவளோ, அவுகளுக்காவச் சொல்லுதேன். நியூட்ரான்னா ஊர்ப் புரளி மாதிரி. ஒரு யுரேனியம் ஒடையும்போது ரெண்டு மூணு நியூட்ரான் கெளம்பும். அது அடுத்தவன் காதுல விழுந்தா அவனும் ஒடைஞ்சு இன்னும் ரெண்டு பேருகிட்ட சொல்லுவான். அப்பிடியே போனா ஊரே பத்தி எரிஞ்சுரும். அதுக்குத்தான் நடுவுல அமுக்குணிகள உக்கார வைக்கது. கேட்மியம் கம்பி நாலும் அமுக்குணி. புரளியக் காதுல வாங்குவான், வெளிய விட மாட்டான். கம்பிய உள்ள எறக்குனா பேச்சு கொறையும், மேல தூக்குனா கூடும்.

இப்ப அதே 95-க்கு உலை கம்பியத் தூக்கிக்கிட்டே போவுது. அப்பன்னா எவனோ புதுசா ஒரு அமுக்குணி உள்ள உக்காந்துருக்கான். எவன்?

உக்கார முடியல. குடிசைக்குள்ள இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஏழு தப்படி. நூத்தி நாப்பது தடவ நடந்துட்டேன்.

நாள் 212, காலை 7:30

கம்பி எம்பத்தெட்டு.

ரஹ்மத் நிஷா மேடம் பேசுனாவ. காயல்பட்டினம். சுரங்கத்துக்கும் உலைக்கும் அவுகதான் தலைமை. அவுகளோட சேத்து கீழ ஆறு பேரு. பள்ளத்துக்குள்ள வெயிலே விழாது. எரநூறு டிகிரிக் குளிரு. இங்க இருந்து போற கேபிள்தான் அவுகளுக்கு மூச்சு, சூடு, எல்லாம்.

"அண்ணாச்சி, நியூட்ரானை எதுவோ தின்னுது. தொட்டித் தண்ணியில கலப்படம் இருக்கணும். குழாயில நீங்க வேற எதாவது செஞ்சீங்களா?"

"வால்வு மாத்துனேன் மேடம். அம்புட்டுதான்."

"சத்தியமா?"

"ஒங்க பிரியாணி மேல சத்தியம்."

சிரிச்சாவ. எனக்குச் சிரிப்பு வரல.

நாள் 212, காலை 9:10

தெரிஞ்சு போச்சு. இந்தப் பதிவ ஞாயித்துக்கெழமதான் கீழ அனுப்பணும், அதுவரைக்கும் யாரும் கேக்க மாட்டாவ. அதனால சொல்லுதேன்.

நான் வால்வு மாத்தல. புது வால்வு பெட்டியில அப்பிடியே இருக்கு. அத மாத்தணும்னா அரைநாள் வேல, மேடத்துக்கிட்ட அனுமதி வேற. நான் நாப்பது வருசம் படகு கட்டுற யார்டுல கேஸ் வெல்டிங் செஞ்சவன். ஒரு ஊசி ஓட்டைக்குப் போயி வால்வு மாத்துறதான்னு, பித்தளக் கம்பி வச்சு, உருக்கி ஒட்டும்போது தூவுற வெங்காரப் பொடியத் தூவிப் பத்த வச்சுட்டேன். கண்ணாடி மாதிரி ஒட்டிச்சு. பெருமையா இருந்துச்சு.

வெங்காரம் இங்க கொண்டாரக் கூடாது. சோதனையில புடிப்பாவன்னு டப்பாவுல கொட்டி, மேல சீனின்னு எழுதி ஒட்டிக் கொண்டாந்தேன். சோதனை பண்ணுன பொம்பள அதிகாரி ஒரு கேள்வி கேக்கல. ஊருல எல்லாருகிட்டயும் சொல்லிச் சிரிக்கணும்னு இருந்தேன்.

இப்பத்தான் கைப்புத்தகத்த எடுத்து ஒவ்வொரு எழுத்தா வாசிச்சேன். வெங்காரத்துல போரான் இருக்காம். போரான் கேட்மியத்துக்கு அண்ணனாம். கனநீருல ஒரு சிட்டிகை போதுமாம். குழாய் உள்பக்கம் உருகி ஒட்டுன வெங்காரம் கரைஞ்சு கரைஞ்சு தொட்டிக்குள்ள போயிக்கிட்டு இருக்கு.

அமுக்குணிய உக்கார வச்சது நான்தான்.

மேடத்துக்கிட்ட சொல்லணும். சொன்னா அடுத்த கப்பல்ல வீடு. வெல்டர் கொரைரா நிலாவுல போயி உலையப் பாழாக்கிட்டான்னு பீச் ரோடே சிரிக்கும். கரையுறது இன்னைக்கோட நின்னுரும். நின்னுட்டா யாருக்கும் தெரிய வேண்டாம்.

நாள் 212, காலை 11:45

நிக்கல. கம்பி நூறு. அதுக்கு மேல போவாது, தடுப்பு இருக்கு. கரண்டு 71-க்கு எறங்கிட்டு.

கைச்சாவி போட்டு, ஒவ்வொரு கம்பியையும் தடுப்புக்கு மேல ரெண்டு சுத்து கூடச் சுத்துனேன். கரண்டு 78 வந்துச்சு. கொஞ்சம் மூச்சு வந்துச்சு.

நாள் 212, மதியம் 1:40

உலை செத்துட்டு.

சண்ட போடல, சத்தம் போடல. முள்ளு கீழ போச்சு, அங்கயே படுத்துட்டு. சுரங்கத்துல பேட்டரி முப்பது மணி நேரம். நாளைக்கு ராத்திரி 7:40 வரைக்கும்.

"அண்ணாச்சி, பதட்டப்படாதீங்க. காரணம் தெரிஞ்சா சரி பண்ணிரலாம். காரணம்தான் தெரியணும்."

காரணம் ஸ்டூல்ல உக்காந்து ஒங்க பேச்சக் கேட்டுக்கிட்டு இருக்கு மேடம். "பாக்குதேன் மேடம்"னு மட்டும் சொன்னேன்.

நாள் 212, சாயங்காலம் 4:20

சொல்லிட்டேன். சீனி டப்பா, பத்த வச்சது, தடுப்புக்கு மேல சுத்துனது, எல்லாம்.

பொறவு மேடம் பேசுனாவ.

"காலையில ஒம்பது மணிக்கே ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஏழு மணி நேரம், அண்ணாச்சி. அப்பவே சொல்லியிருந்தா உலை ஓடும்போதே தண்ணியச் சுத்தம் பண்ணியிருப்பேன். இப்ப அது நின்னுருச்சு. நின்ன உலைக்குள்ள செனான் பெருகும். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் எழுப்ப முடியாது."

ஏசியிருந்தா நல்லாருந்துருக்கும். ஏசல.

செனான்னா புரளிக்கே பொறந்த புள்ள. யுரேனியம் ஒடைஞ்ச துண்டுல அயோடின் வரும், அது ஆறேழு மணி நேரத்துல செனானா மாறும். இவன மாதிரி ஒரு அமுக்குணி ஒலகத்துலயே கெடையாது. உலை ஓடும்போது வார நியூட்ரான வாங்கி வாங்கி இவனும் அழிஞ்சுக்கிட்டே இருப்பான். உலை நின்னா இவன அழிக்க ஆளில்ல. அப்பன் செத்த வீட்டுல புள்ள சட்டமா உக்காந்துருவான். தானா கரையுற வரைக்கும் காத்துக் கெடக்கணும்.

நாள் 212, சாயங்காலம் 5:30

மேடம் சொன்னபடி குழாய அறுத்து எறிஞ்சு, புது வால்வு போட்டேன். அரைநாள் ஆவும்னு நெனச்ச வேல. நாப்பது நிமிசம்தான் ஆச்சு.

தொட்டித் தண்ணிய ரெசின் உருளை வழியாச் சுத்த விட்டுருக்கேன். ரெசின் போரானப் புடிச்சு வச்சுக்கும். ஒரே ஒரு உருளைதான் இருக்கு.

கம்பிகள எறக்கச் சொன்னாவ. சுவிட்சப் போட்டேன். மோட்டார் உறுமுது, கம்பி அசையல. தடுப்புக்கு மேல சுத்துனதுல கொக்கி நாலும் மேல மாட்டிக்கிச்சு. கப்பல்ல கருவி வந்தாத்தான் எடுக்க முடியும்.

ஆக, உலைக்குத் தீப்பொட்டி இருக்கு, பிரேக் இல்ல.

நாள் 213, காலை 8:00

ஒறங்கல. நடந்தேன். ரெசின் ஓடுது. செனான் உச்சத்துல நிக்கான்.

மேடம் வழி சொன்னாவ: "சாயங்காலம் செனான் கரையக் கரைய உலை தானா எந்திரிக்கும். எந்திரிச்சதும் மிச்சம் இருக்குற செனானை அதுவே எரிக்கும். எரிக்க எரிக்கக் கரண்டு எகிறும். அதைப் புடிக்க நமக்குக் கம்பி இல்ல. மீறிப் போச்சுன்னா அவசரத் தொட்டியத் திறந்துருங்க."

அவசரத் தொட்டியில இருக்குறதும் போரான்தான். ஒரு டிரம்மு. தெறந்தா உலை நிக்கும். அதச் சுத்தம் பண்ண வேற ரெசின் இல்ல. உலை நின்னா பள்ளத்துக்குள்ள ஆறு பேரும் நிப்பாவ.

நான் கேட்டேன்: "டிரம்மு வேண்டாம், ஒரு கரண்டி போட்டா?"

"என்ன கரண்டி?"

"டீக்கரண்டி மேடம். சீனி டப்பாவுல முக்கால்வாசி அப்பிடியே இருக்கு."

ஐகோர்ட்துரை குறுக்க வந்தான்: "யோவ், அது சீனி இல்லியா?"

நாள் 213, மதியம் 12:30

மேடம் கணக்குப் போட்டுச் சொன்னாவ. எகிறும்போதெல்லாம் ஒவ்வொரு கரண்டி போட்டாச் சரியா இருக்குமாம். ஆறேழு மணி நேரம் தாக்குப் புடிச்சா, புது அயோடின்ல இருந்து புது செனான் வரத் தொடங்குவான், விடியுறதுக்குள்ள அவனே உலையப் புடிச்சுக்குவான்.

ஆனா போடுறது எங்க? புதுக்குழாய் வழியா ஊத்துனா தொட்டிக்குப் போயிச் சேர அரைமணி நேரம். எகிறுற உலை அரைமணி நேரம் பொறுக்காது. உலை இருக்குற குழிக்குள்ள எறங்கி, தொட்டி மூடியத் தெறந்து, கையாலதான் போடணும். உலை ஓடும்போது. கதிர்வீச்சத் தடுக்குற மறைப்புச் சுவருக்கு உள்பக்கம்.

"அது முடியாது. அது பேச்சுக்கே இல்ல, அண்ணாச்சி. நீங்க எறங்கக் கூடாது. இது ஆர்டர்."

"சரி மேடம்."

"சத்தியமா?"

"ஒங்க பிரியாணி மேல."

நாள் 213, சாயங்காலம் 5:15

முள்ளு ஆடுது. எந்திரிக்கி.

நாள் 213, சாயங்காலம் 5:50

40 கிலோவாட். கீழ போற கேபிள்ல கரண்ட விட்டாச்சு. ஐகோர்ட்துரை கத்துதான்: "வந்துட்டு! ஹீட்டர் வந்துட்டு! கொரைரா அண்ணாச்சி, ஒம்ம கையக் குடும்!" இந்தப் பய என்ன அண்ணாச்சின்னு கூப்புட்டது இதான் மொதத் தடவ.

70. 90. 110. நிக்க மாட்டேங்குது.

மேடம்: "அண்ணாச்சி, 150 தொட்டா அவசரத் தொட்டி. கேக்குதா?"

ரேடியோவுல கரகரன்னு வாயாலயே சத்தம் குடுத்தேன். சின்னப் புள்ளையில இருந்து நல்லா வரும் எனக்கு. அணைச்சுட்டேன்.

நாள் 213, ராத்திரி 7:00

மூணு கரண்டி போட்டுட்டேன். மேல ஏறி முள்ளப் பாக்கது, திரும்ப எறங்குறது. ஏணி பதினாலு படி. கரண்டி போட்ட ரெண்டாவது நிமிசம் முள்ளு தலையத் தொங்கப் போடுது. பள்ளிக்கூடத்துல பிரம்பக் கண்ட பய மாதிரி.

கதிர்வீச்ச அளக்க நெஞ்சுல மாட்டுன டோஸ் மீட்டரு ரெண்டாவது தடவயிலேயே கடைசிக் கோட்டத் தொட்டு நின்னுட்டு. கழத்தி வச்சுட்டேன். சும்மா கீச்சு கீச்சுன்னு.

நாள் 213, ராத்திரி 9:10

அஞ்சு. வாந்தி எடுத்தேன். கை செவந்து கெடக்கு, வெயில்ல வல இழுத்த மாதிரி. வாயில பித்தள ருசி. பத்த வைக்கும்போது வருமே, அந்த ருசி.

ரேடியோவப் போட்டேன். மேடம் அழுதுகிட்டே ஏசுனாவ. நேத்து நான் எதிர்பாத்த அம்புட்டு ஏச்சும் இன்னைக்கு வந்துச்சு. சொகமா இருந்துச்சு.

"பொய்யி. நீங்க பேசுறது பூராப் பொய்யி, அண்ணாச்சி."

"கரண்டு எம்புட்டு மேடம் வருது?"

"...தொண்ணூத்தாறு."

"அது பொய்யில்லல்லா."

நாள் 214, காலை 6:40

ஏழாவது ரெண்டு மணிக்கு. எட்டாவது நாலு மணிக்கு. ஏணியில கடைசி ஆறு படி உக்காந்து உக்காந்துதான் ஏறுனேன்.

அதுக்குப் பொறவு தேவப்படல. செனான் வந்துட்டான். 95-ல நிக்கி. முள்ளு ஆடல. நேத்து உலையக் கொன்னவன் இன்னைக்குப் புடிச்சு உக்காந்துருக்கான். மேடம் சொல்லுதாவ, நிறுத்தாம ஓட்டுனா கப்பல் வார வரைக்கும் இப்பிடியே போவுமாம். போட்ட போரானப் புடிச்சுராம ரெசின் வால்வ மூடிட்டேன். யாரும் எதையும் தொடாண்டாம்.

நாள் 214, காலை 9:00

திருத்தம். நாள் 209, காலை 10:20 பதிவுல வால்வு மாத்துனேன்னு சொன்னது பொய். வெங்காரம் வச்சுப் பத்த வச்சேன். 212 காலையில தெரிஞ்சும் ஏழு மணி நேரம் அமுக்கிட்டேன். கம்பியத் தடுப்புக்கு மேல சுத்துனதும் நான். மேடத்துக்கு இதுல எந்தப் பங்கும் இல்ல. குழிக்குள்ள எறங்க வேண்டாம்னு அவுக சொன்னாவ. இது என் கொரல். ஸ்தனிஸ்லாஸ் கொரைரா.

நாள் 214, காலை 11

கண்ணு சரியாத் தெரியல. மணி குத்துமதிப்பு. கம்பி... முள்ளு நிக்கி. தொண்ணூத்தஞ்சு. மேடம் தொடர்ந்து பேசிக்கிட்டே இருக்காவ, ஊரப் பத்தி. நல்லாருக்கு. கொஞ்சம் நேரம் நடக்காம உக்காந்துருக்கேன். எத்தன நாளாச்சு.

வாரவங்களுக்கு. என் உடுப்பத் தொடாதீங்க. கரண்டியத் தொடாதீங்க. குழி மூடிய...

ஐகோர்ட்து. அலமாரியில மேல்தட்டு. டப்பாவுல அடியில இன்னும் கொஞ்சம் கெடக்கு. சீனின்னுதான் எழுதியிருக்கு. அழிக்கணும்னு பாத்தேன், கை எழும்பல.

டீயில போட்றாதல மக்கா. அது சீனி இல்ல.