அளவான வேடர்ஸ் வாங்கிவிட்டோம், குமரா

என் செல்லத் தம்பி குமரனுக்கு,

போன சனிக்கிழமை விடியும் நேரம் நான் ஏரிக்குள் இறங்கினேன். நெஞ்சு வரை ரப்பர் உடுப்பு, இடுப்பில் வார், கையில் நீளத் தடி. எனக்கு முன்னால் உன் சிநேகிதன் செல்வம். நம்புவாயா? சேலைக்கரை நனையும் என்று கடற்கரையில்கூடக் கால் வைக்காத உன் அக்கா!

சிரிக்காதே. ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வருகிறேன், கேள்.

போன வருடம் தாரா வாத்து வேட்டைச் சீசன் தொடங்கிய அன்று நீ செல்வத்தோடு ஏரிக்குப் போன பிறகு இங்கே நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது. மத்தியானம் நான் உனக்காகச் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. கதவைத் திறந்தால் இரண்டு பொலிஸ்காரர். அவர்களுக்குப் பின்னால் கேற்றைப் பிடித்தபடி செல்வம், உடம்பெல்லாம் சேறு. அவன் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. உன் கால் சேற்றில் புதைந்து நீ விழுந்தாய், மேலால் தண்ணீர் உடுப்புக்குள் புகுந்துவிட்டது, செல்வம் நீந்தி வந்து இழுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள். இடுப்பில் வார் கட்டியிருந்தால் தண்ணீர் அத்தனை வேகமாக இறங்கியிராது என்றும் ஒருவர் சொன்னார். அந்த ஒரு வசனம்தான் என் காதில் நின்றது.

நீ போட்டிருந்தது செல்வத்தின் பழைய வேடர்ஸ். சப்பாத்தும் காற்சட்டையும் ஒன்றாக ஒட்டி நெஞ்சு வரை ஏறும் அந்த உடுப்பை முதல்நாள் நம் குசினிக்குள் நீ போட்டுக் காட்டினாய். “வேடன் போடுறபடியாத்தான் அக்கா, இதுக்கு வேடர்ஸ் எண்டு பேர்” என்றாய். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். செல்வத்தின் கால் பத்தாம் நம்பர், உனக்கு ஏழு. நீ நடக்க நடக்கச் சப்பாத்து டொப் டொப்பென்று அடித்தது. புட்ஸ்கிறே தொழிற்சாலையில் நாள் முழுக்க மழைக்கோட்டுத் தையல் பரிசோதிக்கிறவள் நான். துணி நல்ல துணியா என்று விரலால் தடவிப் பார்த்தேன். உன் காலைப் பார்க்கவில்லை.

செத்தவீட்டில் நான் செய்ததை நீ அறிய வேண்டும். நம் ஆட்கள் அத்தனை பேரும் நின்றார்கள். செல்வம் ஒரு மூலையில் நின்றான். நான் நேரே அவனிடம் போனேன்.

“இடுப்பில கட்டுற வாரை என்ர தம்பிக்குக் குடுத்தனீரோ?” என்று கேட்டேன்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

“நீர்தான் அவனைச் சாகக் குடுத்தனீர்” என்றேன்.

அவன் ஒரு சொல்லும் சொல்லாமல் வெளியே போனான். அதற்குப் பிறகு வீட்டுப் பக்கம் வரவில்லை. தீபாவளிக்கு வாசற்படியில் ஒரு டப்பாவில் அதிரசம் இருந்தது. மணி அடிக்காமலே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். நான் அதை எடுக்கவுமில்லை, எறியவுமில்லை. இரண்டு நாள் வெயிலில் கிடந்தது.

நீ போட்டிருந்த வேடர்ஸைக் கட்டிப் பொலிஸ்காரர் திருப்பித் தந்த சாக்கு கராஜில் கிடந்தது. அதைத் தொட எனக்குப் பத்து மாதம் எடுத்தது. இந்த நாட்டு ஜனவரி வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இனியும் இப்படி இருக்க முடியாது என்று இழுத்து அவிழ்த்தேன். ஏதோ ஓட்டை இருக்கவேண்டும், அதைக் கண்டுபிடித்து அவன் முகத்துக்கு முன்னால் நீட்டவேண்டும் என்பதுதான் எண்ணம். பின்வளவு உடுப்புக்கொடி மரத்தில் அந்த உடுப்பின் தோளணிப் பட்டிகளைக் கொழுவி, தண்ணீர்க் குழாயைப் பிடித்து இடுப்பு வரை நிரப்பினேன். தொழிற்சாலையில் செய்வதுபோலவே ஒவ்வொரு தையலாகக் கையை வைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டுக் கசிவு இல்லை. நல்ல சாமான், குமரா. நல்ல சாமான்.

தண்ணீரை ஊற்றிக் கவிழ்த்தேன். ஒவ்வொரு சப்பாத்து நுனிக்குள்ளிருந்தும் சுருட்டித் திணித்த காலுறைகள் விழுந்தன. பெரிது என்று உனக்கும் தெரிந்துதான் இருக்கிறது. நெஞ்சுப் பக்கம் உட்பையில் ஏதோ தடித்தது. விரலை விட்டு எடுத்தேன். வார். அழகாகச் சுருட்டி, பொத்தான் போட்ட பைக்குள் பத்திரமாக.

ஏனடா கட்டவில்லை? சாரத்தைக்கூட இறுக்கி உடுக்கப் பிடிக்காதவன் நீ, அதனாலா? வேறு ஆட்கள் பார்த்துச் சிரிப்பார்கள் என்றா? பிறகு கட்டலாம் என்றா? அந்தப் புல்லில் இருந்தபடி உன்னைத் திட்டித் தீர்த்தேன். பக்கத்து வீட்டுக் கிரேக்கப் பெண்மணி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, கேள்வி கேட்காமல் ஒரு கூடை தக்காளியை வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த சனி காலை செல்வத்தின் பிளாட்டுக்குக் காரை விட்டேன். உள்ளே பெட்டிகள் கட்டியிருந்தன. சிட்னி அலுவலகத்துக்கு மாற்றம் கேட்டிருக்கிறானாம்.

“வாங்கக்கா” என்றான்.

நான் வாரை மேசையில் வைத்தேன். “இது உம்முடையதுதானே?”

“ஆமா.”

“நீர் குடுத்திருக்கிறீர். அண்டைக்கு ஏன் சொல்லேல்லை?”

அவன் வாரைக் கையில் எடுத்தான். “சொல்லி என்னக்கா பண்றது? கொடுத்தேன். ரெண்டு தடவை கட்டச் சொன்னேன். ‘பிறகு கட்டுறன்’னு சிரிச்சான். அவ்வளவு பேர் முன்னாடி, படுத்திருக்கிறவன் மேலயே தப்புன்னு நான் எப்படிச் சொல்வேன்? அதுவும் இல்லாம, சைஸ் ஒத்துவராததைக் கொடுத்தது நான்தானே.”

“அதை அவன் என்ர குசினிக்குள்ள போட்டு நடக்கேக்கை நானும் பார்த்தனான், செல்வம். பார்த்துச் சிரிச்சனான்.”

அவன் கதிரையில் இருந்துவிட்டான். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதான். நான் அவன் தலையில் கை வைத்தேன். என்னை மன்னித்துக்கொள்ளும் என்று கேட்டேன். கேட்பது கஷ்டமாக இருக்கும் என்று வழியெல்லாம் பயந்து வந்தேன். கேட்ட பிறகுதான் கேட்காமல் இருந்ததுதான் கஷ்டம் என்று தெரிந்தது.

தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே, “மார்ச்சில சீசன் தொடங்குது. போறீரோ?” என்றேன்.

“இனிமே அந்தப் பக்கமே போக மாட்டேன்க்கா. துப்பாக்கியையும் ஆபீஸ் ஆள்கிட்ட கொடுத்துவச்சிட்டேன்.”

“உம்மை அந்தத் தண்ணியில இருந்து விரட்டினது நான் சொன்ன சொல்லு. அதை நான்தான் எடுக்க வேணும். நானும் வாறன்.”

“நீங்களா?”

“ஓம். ஆனா ஒண்டு. வேடர்ஸ் வாங்கிறது நான் பார்த்து. அதில ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது.”

சிட்டிக்குள் வேட்டைத் துவக்கும் மீன்பிடிச் சாமானும் விற்கும் கடைக்குப் போனோம். வயதான கடைக்காரர் என்னைப் பார்த்து, கணவருக்கா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை, எனக்கு என்றேன். எந்த ஊர் என்றார். இலங்கை என்றேன். ஓ, சிலோன் என்று தானே திருத்திக்கொண்டு, மூன்று விதம் எடுத்துப் போட்டார்.

முதலாவது முழு ரப்பர். பளபளவென்று இருந்தது. முழங்கால் மடியும் இடத்தை நாலு தரம் மடித்து வெளிச்சத்தில் பிடித்தேன். மயிரிழை வெடிப்பு. கடையிலேயே இப்படியென்றால் இரண்டு சீசன் தாங்காது. இரண்டாவது மெல்லிய நைலோன். தூக்கினால் பஞ்சு மாதிரி. அது ஆற்று மணலுக்குச் சரி, ஆனால் ஏரிக்குள் பட்டமரக் கொப்பும் பழைய வேலிக்கம்பியும் கிடக்கும் என்று செல்வம் சொன்னான். மூன்றாவது ரப்பர் பூசிய கன்வஸ். பாரம்தான். உள்பக்கம் புரட்டிப் பார்த்தேன். தையலுக்கு மேல் நாடா ஒட்டி அழுத்தியிருந்தது. முழங்காலில் இரட்டைத் துணி. கால் இரண்டும் சேரும் இடத்தைப் பிடித்து என் பலம் முழுவதும் போட்டு இழுத்தேன். அசையவில்லை. கடைக்காரர் பதறிப்போய், வாங்கிய பிறகு இழுங்கள் அம்மணி என்றார்.

பிறகு செல்வத்தைப் பாடு படுத்தினேன். தடித்த கம்பளிக் காலுறை இரண்டு சோடி போட்டு நடக்க வைத்தேன். குதிக்கால் சப்பாத்துக்குள் எழும்புகிறதா? விரல் அசைக்க இடம் இருக்கிறதா? குந்தும், எழும்பும், இந்தப் படியில் காலைத் தூக்கி வையும். துணி தொடையில் இழுத்தால் வேண்டாம், மடிந்து தொங்கினாலும் வேண்டாம். கையுறை போட்டபடி ஒற்றைக் கையால் தோளணியைக் கழற்றிக் காட்டும். முதற் சோடியில் முடியவில்லை, இரண்டாம் சோடியில் முடிந்தது. ஒன்பதரைதான் அவனுக்கு அளவு. இவ்வளவு காலமும் பத்துப் போட்டிருக்கிறான்!

என் காலுக்குத்தான் பிரச்சினை. கடைக்காரர் மேலே ஏறி, பின்னறையெல்லாம் தேடி, ஆக அடியில் கிடந்த ஐந்தாம் நம்பரைக் கொண்டுவந்தார். கால் மட்டும் நீளம், அதைத் தோளணியைச் சுருக்கிச் சரிசெய்தேன். கண்ணாடியில் பார்த்தால் நெற்களஞ்சியத்துக்குக் கால் முளைத்த மாதிரி. ஆனால் குமரா, குதிக்கால் அசையவில்லை. கடைக்காரர் கடைசியில் என்னிடம், இங்கே வேலைக்கு வருகிறீர்களா என்று கேட்டார். பகிடியாகத்தான். இருந்தாலும் எனக்குப் பெருமையாக இருந்தது.

கொடுத்துவைத்த துவக்கைச் செல்வம் திருப்பி வாங்கிவர, போன சனிக்கிழமை, சீசன் தொடங்கிய அன்று, அந்த ஏரிக்குத்தான் போனோம். தெருப் பலகையெல்லாம் கிலோமீட்டருக்கு மாறிவிட்டதால், எத்தனை மைல் என்று செல்வம் மனதுக்குள் கணக்குப் போட்டபடியே வந்தான். நீ விழுந்த இடத்தை அவன் சொல்லாமலே தெரிந்துகொண்டேன். அங்கே வந்ததும் அவன் நின்றுவிட்டான்.

“முடியலக்கா. திரும்பிடலாம்.”

“நான் முன்னால நடக்கிறன். வாரும்.”

நாலடி வைத்திருப்பேன், இடது கால் சேற்றுக்குள் போய்விட்டது. முழங்கால் வரை. தண்ணீர் நெஞ்சில் வந்து முட்டியது. பயந்தேன், பொய் சொல்லமாட்டேன். “இழுக்காதீங்க! தடியில சாஞ்சு, குதிகாலைத் திருப்புங்க!” என்று செல்வம் கத்தினான். சாய்ந்தேன். திருப்பினேன். மெதுவாக, மெதுவாக, கால் சப்பாத்தோடேயே மேலே வந்தது. அதற்குள் அவன் என் பக்கத்தில் நின்றான். நீர் வந்துவிட்டீரே என்று நான் சொல்லவில்லை. அவனுக்கே பிறகுதான் தெரிந்தது, அந்த இடத்தைத் தாண்டிவிட்டான் என்று.

தாராக்கள் பட்டமரங்களுக்கு மேலால் வந்தன. செல்வம் இரண்டு வெடி வைத்தான். இரண்டும் குறி பிழைத்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு அவன் சிரித்ததைக் கேட்டேன்.

சிட்னிக்குப் போகவில்லையாம். பெட்டிகளை அவிழ்த்துவிட்டான். நம் தமிழ்ச் சங்கத்தில் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் போகிறவர்கள் இப்போது எனக்கு ரெலிபோன் எடுத்து, “அக்கா, எந்த வேடர்ஸ் வாங்கிறது?” என்று கேட்கிறார்கள். கூட்டிக்கொண்டு போய்க் குந்த வைத்து எழுப்புகிறேன்.

இந்தக் கடிதத்தைச் சங்க மலரில் போடக் கொடுக்கப்போகிறேன். அவ்வளவு பேர் கேட்கச் சொன்ன சொல்லை அவ்வளவு பேரும் வாசிக்கத் திருப்பி எடுக்கவேண்டும் அல்லவா? ஊரில் இருக்கிற அம்மாவுக்கும் செல்வத்தைப் பற்றிப் பிழையாகத்தான் எழுதியிருந்தேன். நாளைக்கு அவவுக்கு உள்ளதை உள்ளபடி எழுதுவேன். உன் பிழையையும் எழுதுவேன், என் பிழையையும் எழுதுவேன். உன் பேரைக் காப்பாற்ற ஒருத்தன் வாயை மூடிக்கொண்டு ஒரு வருடம் பழி சுமந்தான் என்பதையும் எழுதுவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன்மேல் கோபம் இன்னும் தீராத,
உன்னைவிட்டால் தம்பி என்று சொல்ல இப்போது இன்னொருவனும் இருக்கிற,
உன் அக்கா
பவானி