கடை போன்

அன்பு மகளே,

நீ மறுபடியும் உன்னைக் காயப்படுத்திக்கொண்டாய் என்று உன் மனநல டாக்டரம்மா சொன்னார். மறுநாளே மதுரைக்குப் போனேன். உன்னைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவரை மட்டும் பார்த்துத் திரும்பிவிட்டேன்.

“எம்புட்டுச் செலவானாலும் தாரேன். எப்பச் சரியாகும்னு சொல்லுவீகளா?”

“வாராவாரம் என்கிட்ட தனியா உட்கார்ந்து, பொங்கி வர்ற துக்கம் அடங்குறவரை தாங்கிக்கப் பழகுறா. நீங்க புத்தி சொல்லாதீங்கம்மா.”

“பின்ன பெத்தவ எதுக்கு?”

“போனை எடுக்க.”

நம் பாத்திரக் கடையில் பேரம் பேசியே பழகியவள், காரைக்குடி வந்ததும் கடை போனை என் கைக்கெட்டும் இடத்துக்கு மாற்றி வைத்தேன்.

நீ சம்மதித்ததாக அவர் சொன்ன ஏற்பாட்டுக்கு நானும் சம்மதிக்கிறேன். துக்கம் ஏறும்போதே, காயப்படுத்திக்கொள்ளும் முன், கடைக்குப் போன் செய்வாய். ஏன் என்று கேட்க மாட்டேன். செத்துப்போன உன் அப்பாவைப் பேச்சில் இழுக்க மாட்டேன். நீ வைக்கும்வரை நான் வைக்க மாட்டேன்.

உன் அம்மா