இந்த மார்கழியில் ஓடை நாறவில்லை

மாப்ளே,

என் எழுத்து நம் குரங்கணி மலைப்பாதை மாதிரி மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். முதியோர் வகுப்பில் இப்போதுதான் எழுத்துக் கூட்டப் படித்திருக்கிறேன். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் இந்தச் சேதியை என் கையால்தான் எழுத வேண்டும்.

இன்று விடிகாலையில் கதவைத் திறந்தேன். மேலே காப்பிப் பழம் உரிக்கும் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. ஓடையிலிருந்து அந்தப் புளித்த நாற்றம் மட்டும் வரவில்லை.

பழம் உரிக்கும் மாதங்களில் ஆலைக் கழிவு கலந்து ஓடை கறுத்துப்போகும். உன் மாடுகள் வாய் வைத்துவிட்டுத் திரும்பிவிடும். கரையோரத்து உன் கிணறும் கெட்டது. தோட்டத்தை விற்றுவிட்டுப் போய்விடலாம் என்று உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி, அழுதது. நீதான் அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு என்னையும் தேனிக்கு இழுத்துப் போனாய். பஸ்சில் மூடி கசிந்துவிட்டது.

"யாருய்யா மீனு கொண்டாந்தது?" என்று கண்டக்டர் கத்தினார்.

"மீனு இல்லப்பா, எங்க குடிதண்ணி" என்றாய்.

மாசுத் தடுப்பு அலுவலகத்தில் அந்த அதிகாரி அம்மா பாட்டிலைத் தொடவே இல்லை. "ஐயா, சட்டப்படி நாங்கதான் வந்து எடுக்கணும். ஆலைக்காரங்க முன்னாடி ரெண்டு பங்காப் பிரிச்சு, சீல் வச்சு, அவங்களும் கையெழுத்துப் போடணும்."

"கெடுத்தவன் கையெழுத்துப் போட்டாத்தான் அது கெட்ட தண்ணியா? நல்லாருக்கும்மா ஒங்க சட்டம்!" என்று திட்டினாய்.

அவர்கள் கோடையில் வந்தார்கள். மிஷின் ஓடவில்லை, ஓடை கண்ணாடி மாதிரி கிடந்தது. அடுத்த பருவத்துக்கு நீ உயிரோடு இல்லை.

தங்கச்சியும் நானும் மறுபடி போய், "பழம் உரிக்கும்போது வாங்கம்மா" என்று கேட்டோம். அதே அம்மா ஜீப்பில் வந்தார். ஆலை மேனேஜர் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்டார். பிறகு விசாரணையில், "அது எங்க தண்ணியே இல்ல, எவனோ கலந்துட்டான்" என்றாராம். சீலில் அவர் கையெழுத்தே இருந்தது. நீ திட்டிய கையெழுத்துதான் மாப்ளே, நம்மைக் காப்பாற்றியது.

ஆலைக்குப் போகும் கரண்டைத் துண்டித்து, கதவில் உத்தரவை ஒட்டினார்கள். நான் விரல் வைத்து வாசித்தேன்: "சுத்திகரிக்காத கழிவுநீரை... ஓடையில்... விடக் கூடாது."

"இன்னொருக்கா வாசிங்கண்ணே" என்றது தங்கச்சி. வாசித்தேன். மூன்றாவது முறை யாரும் கேட்காமலே வாசித்தேன்.

சுத்திகரிக்கும் தொட்டிகளைக் கட்டிய பிறகுதான் இப்போது மிஷின் ஓடுகிறது. இன்று உன் மாடுகள் தலை நிமிராமல் குடித்தன. நானும் ஒரு கை அள்ளினேன். "மொதல்ல மோந்து பாரு, அப்புறம் குடி" என்பாயே, அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. மோந்து பார்த்தேன். ஈரக் கல் வாசம்தான். குடித்தேன்.

அடுத்த வாரம் உன் கிணற்றை இறைத்துத் தூர் வாருகிறோம். புதிதாக ஊறும் தண்ணீரில் முதல் வாளியை மோந்து பார்த்துவிட்டு உனக்கு எழுதுகிறேன்.