இரவல் கால்

திருகோணமலை,
18.08.2024

அன்புள்ள தம்பி சிந்துஜனுக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அங்கே கனடாவில் குளிர் தொடங்கிவிடுமோ, நீ சப்பாத்து வாங்கிவிட்டாயோ என்ற யோசனையோடு அக்கா எழுதுகிறேன். நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உடம்புக்கு என்றுதான் சொல்கிறேன்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். எங்கள் வீட்டில் ஒரு அறையில் கதைத்தால் மற்ற அறைக்குக் கேட்கும். அதோடு, நான் கனமாக ஏதாவது சொல்லத் தொடங்கினால் நீ பகிடி விட்டு என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். கடிதத்தில் உனக்கு அது ஏலாது.

மகள் கீர்த்தனி சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். வெயில் தாங்க முடியவில்லை. மதிலோரம் நான் வைத்த செவ்வரத்தையைத் தெருவில் திரிகிற மான்கள் வந்து மொட்டையாக்கிவிட்டன. கலைக்கப் போனால் என்னைத்தான் முறைத்துப் பார்க்கின்றன.

தம்பி, போன மாதம் அத்தான் மேடை ஏறினார்.

உனக்குச் சொல்ல வேண்டாம் என்றவர் அவர்தான். செய்து முடித்துவிட்டு வீடியோவை அனுப்பி உன்னைத் திடுக்கிட வைக்க வேண்டும் என்று இருந்தார். அவரோடு இரும்புக்கடையில் வேலை செய்கிற கிண்ணியா றுவைஸை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தவர். அவருடைய சொந்தக்காரப் பொடியன்கள் சிலர் சேர்ந்து நகரத்தில் ஸ்டாண்ட் அப் என்று மேடையில் தனியே நின்று பகிடி சொல்கிற நிகழ்ச்சி நடத்துகிறார்கள். பில் போடுகிற மேசையில் இருந்தபடி அத்தான் தன் பொய்க்காலைப் பற்றி வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் கால் கதைகளைக் கேட்டுவிட்டு, “அண்ணன், இதை நீங்க மைக்கில சொல்லணும்” என்று றுவைஸ்தான் விடாமல் நின்றார்.

அத்தான் எப்படி ஆயத்தப்பட்டார் தெரியுமா? பின்னேரங்களில் கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். நீல சேர்ட்டை இரண்டு தரம் அயர்ன் பண்ணச் சொன்னார். அவருக்கு இந்த வயதில் இப்படி ஒரு ஆசை இருந்தது எனக்கே தெரியாது.

உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடி. கதிரைகள் போதாமல் பொடியன்கள் சுவரோடு நின்றார்கள். நானும் கீர்த்தனியும் மூன்றாம் வரிசையில் இருந்தோம். அத்தான் சோதனைச்சாவடிக் கதையோடு தொடங்கினார். கட்டைபறிச்சானிலிருந்து ஓடி வரும்போது ஷெல் பட்டுப் போன காலுக்குப் பதிலாக வெளிநாட்டார் தந்த கால், அவர்களுடைய நிறத்திலேயே இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். சாவடியில் நின்றவன் அதைக் கழற்றச் சொல்லி, தட்டிப் பார்த்து, இது யாருடைய கால் என்று கேட்டானே, அந்தக் கதை. “வெள்ளைக்காரன்ர கால் ஐயா, இரவல் வாங்கினனான். என்ர கால் கிடைச்சதும் திருப்பிக் குடுத்திடுவன். நீங்கள் எங்கயும் கண்டனீங்களோ?”

ஒருவரும் சிரிக்கவில்லை. பொடியன்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு கந்தோர்க் கதைக்குப் போனார். உதவிப்பணத்துக்காக, கால் இல்லை என்று வருசா வருசம் அரசாங்க அலுவலகத்தில் போய்க் காட்ட வேண்டிய கதை. மேசைக்குப் பின்னால் இருந்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போன வருசம் மாதிரித்தான் இருக்கிறதோ என்று கேட்டதை அத்தான் சொல்லி முடித்து மூச்சு எடுப்பதற்குள், பின்னால் நின்ற ஒரு பொடியன் கத்தினான்: “இன்னும் முளைக்கேல்ல ஐயா!”

அதற்குச் சபை முழுக்கச் சிரித்தது, தம்பி. அத்தானின் பதிலை அத்தானுக்கு முன் அவன் சொல்லிவிட்டான். அவர் வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு “கொப்பி, கொப்பி” என்று நாலைந்து பேர் கத்தினார்கள். “அது கனடா சிந்துவின்ர பகிடி. வேற ஏதும் இருந்தாச் சொல்லுங்க அங்கிள்.”

எனக்குக் கனடா சிந்து யார் என்று உடனே விளங்கவில்லை. உன்னை நாங்கள் அப்படிக் கூப்பிட்டதில்லையே.

அத்தான், “தம்பிமார், இது நான் சொன்ன கதை. இது என்ர கால்” என்றார். அதற்கும் சிரித்தார்கள். அவர் கதிரையில் இருந்து, காற்சட்டையை மடித்து, காலைக் கழற்றித் தூக்கிக் காட்டினார். வீட்டில் எனக்கு முன்னால் கழற்றுவதற்கே லைட்டை நிற்பாட்டுகிற மனிசன். கீர்த்தனி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். சனம் விசில் அடித்தது. போனை எடுத்துப் படம் பிடித்தது. “கால் வரைக்கும் கொப்பியடா!” என்று ஒருவன் சொன்னதற்குத்தான் அன்றைக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய சிரிப்பு. நான் எழும்பிப் போய் அவருடைய தோளைப் பிடித்தேன். அதையும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து கீர்த்தனிதான் உன் வீடியோவைத் தேடி எடுத்தாள். குளிரைப் பற்றி, மாமாமாரைப் பற்றி நீ மேடையில் செய்த பகிடியெல்லாம் எங்களுக்கு அனுப்பினாய். இதை மட்டும் அனுப்பவில்லை. எத்தனை இலட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள்! சாவடிக் கதை, கந்தோர்க் கதை, சல்லி அம்மன் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்ன கதை, எல்லாம் ஒழுங்கு பிசகாமல் இருந்தது. மேடையில் அவரை நீ அண்ணன் என்றாய். அத்தான் என்று சொல்ல உனக்கு ஏன் வாய் வரவில்லையோ. அது போகட்டும். கடைசியில் அவரைச் சாகடித்துவிட்டாயே. “அண்ணன் செத்திட்டார். கால் மட்டும் கிடக்கு. அது வெள்ளைக்காரன்ர கால், அது சாகாது!” என்று நீ கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாய். சனம் எழும்பி நின்று கைதட்டியது. சிலர் அழுதார்கள்.

அத்தான் முழுவதையும் பார்த்தார். “நல்லாச் செய்யுறான். நான் நிற்பாட்ட வேண்டிய இடத்தில நிற்பாட்டுறேல்ல. அவன் நிற்பாட்டுறான்” என்றார். அதற்குப் பிறகு உன்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. இப்போது கடையில் யாராவது கால் கதையைக் கேட்டால், “அது என்ர இல்லை” என்கிறாராம். றுவைஸ் சொல்லிக் கவலைப்பட்டார். படுக்கும்போது கட்டிலோடு சாய்த்து வைக்கிற காலை அலுமாரிக்குப் பின்னால் கொண்டுபோய் வைக்கிறார். விடியத் தட்டித் தடவி எடுக்கிறார்.

அம்மா போன பிறகு நீ எங்களோடு வந்திருந்தாயே, சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துக்கொண்டிருப்பாயே. உன்னை ஒரு வாய் சாப்பிட வைக்கத்தான் அவர் அந்தக் கதைகளைப் பகிடியாக்கினார். அதற்கு முன் எனக்குக்கூட அவர் சாவடியில் நடந்ததைச் சொன்னதில்லை.

செய்யாதே என்று உன்னைச் சொல்ல எனக்கு மனமில்லை. உனக்குக் கிடைத்த பெயரைக் கெடுக்கிற அக்கா நான் இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவரை உயிரோடு சொல்லு. நான் பொட்டு வைத்துக்கொண்டுதான் சந்தைக்குப் போகிறேன், தம்பி.

நேரத்துக்குச் சாப்பிடு. உன்னை நினையாத நாளில்லை.

அன்புடன்,
அக்கா நிரோஜினி


திருகோணமலை,
02.12.2024

அன்புத் தம்பிக்கு,

மாரி தொடங்கிவிட்டது. குசினிக்குள் அடுப்புக்கு மேலேயே ஒழுகுகிறது. ஈரத்தில் பேனை சரியாக எழுதவில்லை, எழுத்து விளங்காவிட்டால் கோபிக்காதே.

முதல் கடிதம் கிடைத்த அன்று நீ போன் எடுத்து அழுதாய். நீ சொன்னதை நான் மறக்கவில்லை. “அக்கா, நான் அங்கயிருந்து வரேக்க ஒண்டும் கொண்டு வரேல்ல. அத்தான்ர கோபத்தைத்தான் கொண்டு வந்தனான். அது இல்லாட்டி மேடையில நான் ஆர்? பனியில காரைத் தள்ளின கதைதான் என்னட்ட இருக்கு” என்றாய். “அத்தான் அதை எனக்குத்தானே சொன்னவர்? எனக்குத் தந்தது எண்டுதான் நான் நினைச்சனான்” என்றும் கேட்டாய். உண்மைதான், உனக்காகத்தான் சொன்னார். உனக்குக் கொடுத்துவிட்டாரா என்று நான் எப்படிச் சொல்வேன்? அவரிடம் கேட்கவும் எனக்குத் துணிவு வரவில்லை. “எல்லாத்தையும் சரிப்படுத்துறன் அக்கா” என்றாய். நானும் நம்பி இருந்தேன்.

நீ சரிப்படுத்திய வீடியோவை நேற்று முன்தினம் பார்த்தோம்.

கையில் என் கடிதத்தை வைத்துக்கொண்டு மேடைக்கு வந்தாய். தூரத்திலேயே என் எழுத்து எனக்குத் தெரிந்தது. பொம்பிளைக் குரலில் வாசித்தாய். என்னைப் போலவேதான் இருந்தது. செவ்வரத்தை தின்ற மானுக்குச் சிரித்தார்கள். நீல சேர்ட்டுக்குச் சிரித்தார்கள். அத்தான் காலைத் தூக்கிக் காட்டியதற்கு, இங்கே சிரித்ததைவிடக் கூடச் சிரித்தார்கள். பொட்டு வைத்துக்கொண்டு சந்தைக்குப் போகிறேன் என்ற இடத்தில் நீ கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்றாய். நிற்பாட்ட வேண்டிய இடத்தில் நிற்பாட்டினாய். பிறகு, “அத்தான் உயிரோட இருக்கிறார், சனங்களே! நான்தான் கள்ளன்!” என்று கத்தினாய். மண்டபம் இடிந்து விழுகிற மாதிரிக் கைதட்டல்.

நான் கேட்டதை நீ செய்துவிட்டாய். அத்தான் என்றும் சொன்னாய், உயிரோடும் சொன்னாய். உன்னை நான் எந்த வாயால் ஏச?

இங்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. றுவைஸ் அந்தப் பொடியன்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். கொப்பி என்று கத்தியவனும் வந்தான், தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டான், நல்ல பிள்ளை. “அண்ணன், இப்ப உண்மை தெரியும்தானே, திரும்ப வாங்க” என்று கேட்டார்கள். அத்தான் அவர்களுக்குத் தேத்தண்ணி போடச் சொன்னார். ஒருவரிலும் கோபப்படவில்லை. “நான் இப்ப வந்து நிண்டா, உங்களுக்கு அவன்ர கதையில வாற ஆளாத்தான் தெரிவன். எனக்கு ஏலாது, தம்பிமார்” என்றார். அவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அவர்கள் போன பிறகுதான் என்னைக் கேட்டார். “அந்தக் கடிதம் நீ எழுதினதோ?” ஓம் என்றேன். “கால் அலுமாரிக்குப் பின்னால இருக்கிறதையும் நீதான் எழுதினனியோ?” அதற்கும் ஓம் என்றேன். அவர் பொடியன்கள் குடித்த தேத்தண்ணிக் கிளாசுகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார். “அவன் நான் சொன்னதை எடுத்தவன். நீ நான் சொல்லாததையும் எடுத்துக் குடுத்திட்டாய்” என்றார்.

தம்பிக்கு எழுதினாலும் உங்களுக்காகத்தான் எழுதினேன் என்று சொன்னேன். அவருக்குக் கேட்டதோ தெரியவில்லை. எழும்பி உள்ளே போய்விட்டார்.

அதிலிருந்து என்னோடு மரியாதையாகக் கதைக்கிறார். உப்புக் காணும், இனிப் போட வேண்டாம், மழை விட்டிட்டுது, கீர்த்தனி வந்திட்டாளோ. வெளியாட்களோடு கதைக்கிற மாதிரி, ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்து எடுக்கிறார். முந்தி கறியில் உறைப்புக் கூடினால் அதற்கு ஒரு பகிடி, கரண்ட் போனால் அதற்கு ஒரு பகிடி. இப்போது கரண்ட் போனால் மூன்று பேரும் சும்மா இருட்டில் இருக்கிறோம். கீர்த்தனி ஒரு நாள் தானாக ஏதோ பகிடி சொல்லிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். திருப்பி ஒரு பகிடி விடவில்லை.

உன்னில் எனக்குக் கோபம் இருக்கிறது, தம்பி. ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டு எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. உன்னை வளர்த்தவள் நான், அவரோடு வாழ்கிறவளும் நான். உனக்கு எழுதினால் அவருக்குத் துரோகம், எழுதாவிட்டால் உள்ளுக்குள் வேகிறேன். இதை எழுதும்போதும், எந்த வரிக்கு அங்கே சிரிப்பார்கள் என்ற யோசனை வருகிறது. ஒழுகுகிற குசினிக்குச் சிரிப்பார்களா? அப்படி யோசித்து யோசித்தே இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

இதை நீ வாசித்ததும் அவருக்கு ஒரு தரம் போன் எடு. அக்கா சொன்னது என்று சொல்லாதே. மன்னிப்புக் கேட்காதே, கேட்டால் அவர் பரவாயில்லை என்று சொல்ல வேண்டி வரும். சும்மா, அத்தான் சாப்பிட்டீங்களோ என்று கேள். முதலில் ஒன்றிரண்டு சொல்லோடு நிற்பாட்டுவார். நீ போனை வைக்காதே. அப்படியே கொஞ்சம் இரு. அவருக்கு உன்னில் இருக்கிற பாசம் போகவில்லை, எனக்குத் தெரியும். கதைத்துக்கொண்டு போகும்போது அவரை அறியாமல் ஏதாவது ஒன்று பகிடியாக வந்து விழும். விழுந்தால் நீ சிரி, தம்பி. முந்திச் சோற்றுக் கோப்பையோடு இருந்து சிரித்த மாதிரி வாய்விட்டுச் சிரி. சிரித்துவிட்டு, அதை அவரிடமே விட்டுவிடு.

நீ போகிற இடமெல்லாம் நன்றாயிருக்க வேண்டும்.

உன் அக்கா,
நிரோஜினி