முன் சக்கரத்து மின்சாரம்

ஜனவரி 19, ஞாயிறு

எழுந்ததும் பல்கூட விளக்காமல் சைக்கிளின் முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினேன். டைனமோ வயரில் சொருகியிருந்த போனில் சார்ஜ் ஏறும் குறி வந்தது. காபி அதற்கப்புறம்தான்.

கன்னியாகுமரிக்கு நான் தனியாகச் சைக்கிளில் போக என் வீட்டுக்காரர் ஒரே நிபந்தனையில் சம்மதித்திருக்கிறார். சத்தீஸ்கரில் ரிக் வண்டியோடு போர்வெல் போட்டுக்கொண்டிருக்கிற மனிதர், அங்கிருந்தே சொன்னார்: "உன் போனு ஒரு தடவை சுவிச் ஆஃப்னு வந்தாலும் டூரு வேண்டாம் அம்மிணி. மொதல்ல எடப்பாடி போயிட்டு வா, பாக்கலாம்."

ஜனவரி 22, புதன்

சேலத்தில் கேமரா வாங்கினேன். கடைக்காரர் காட்டிய பெரியதற்குத் தனி சார்ஜர்; சுவரில் மாட்ட வேண்டும். ரோட்டில் சுவருக்கு எங்கே போக? சின்னதை எடுத்துக்கொண்டேன். போன் வயரிலேயே ஏறுகிறது.

"போன்லயே எடுத்துக்கலாமில்லம்மா?" என்றாள் மகள் தமிழினி. சார்ஜ் கரைகிறது என்றேன். படம் எடுக்கும்போதே யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள் என்பதைச் சொல்லவில்லை.

ஜனவரி 25, சனி

எங்கள் ஊர் மல்லசமுத்திரத்திலிருந்து எடப்பாடிக்கு மிதித்தே வந்துவிட்டேன். கல்லூரித் தோழி ஜெயப்பிரியா வீடு. "இந்த வயசுல உனக்கென்னடி கேடு" என்று சொல்லிக்கொண்டே கறிக்குழம்பு ஊற்றினாள். சார்ஜ் தீரப்போகும் போன், கேமரா, பவர் பேங்க் மூன்றையும் அவள் வீட்டுத் தறிப்பட்டறையில், சைக்கிள் பக்கத்திலேயே சார்ஜ் போட்டிருக்கிறேன்.

ஜனவரி 26, ஞாயிறு

இருட்டோடு கிளம்பும்போது மூன்றையும் உருவிப் பைக்குள் போட்டேன். பார்க்கவில்லை. ஊரைத் தாண்டிப் பார்த்தால் மூன்றிலும் உயிரில்லை.

சனிக்கிழமை தறி நின்றதும் பட்டறை மெயின் சுவிச்சை இறக்கிவிடுவார்கள். எங்கப்பா வீட்டிலும் அதே வழக்கம்தான். தறிக்காரர் மகளுக்கு அது எப்படி மறந்தது?

இனி டைனமோ ஒன்றுதான். ஒரே வயர். கேமராவா, போனா? போனைச் சொருகினேன். மேட்டில் வேகம் குறைந்தால் சார்ஜ் நின்றுவிடுகிறது. மூச்சு வாங்க மிதித்தேன். சங்ககிரி மலையில் கோட்டைச் சுவரைப் பாதி மேகம் மூடியிருந்தது. அதை எடுக்கக் கேமராவில் உயிரில்லை. டூர் போச்சு — போச்சுதானே?

சங்ககிரியில் போன் விழித்த உடனே அவர் கூப்பிட்டார்.

"எங்க இருக்கறே?"

"சங்ககிரிங்க. பட்டறைல மெயினை எறக்கிட்டாங்க, அதான் —"

"செரி செரி. நல்லா இருக்கறியில்ல?" என்றார். பிறகு, "ஏனம்மிணி, காட்டுல ரிக் நிக்கறப்ப என் போனு ரெண்டு நாள் செத்துக் கெடக்குமே. நீ என்ன பண்ணுவே?"

"என்னத்தப் பண்ணறதுங்க. சோறாக்குவேன்."

சிரித்தார். "எனக்கு ஒரு காலைப் பொழுதுக்கே தாங்கல. கன்னியாகுமரி போயிட்டு வா சாமி."

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அடுத்தடுத்து இரண்டு டீ குடித்தேன். உடம்பே லேசாகிவிட்டது.

ஜனவரி 31, வெள்ளி

நாளை கிளம்புகிறேன்.

காலையும் மாலையும் பேசிவிடுவேன். நடுவில் போனை அணைத்துப் பையின் அடியில் போட்டுவிடப்போகிறேன். டைனமோ வயர் கேமராவுக்கு.

இதை அவரிடம் கரூர் தாண்டிச் சொல்லிக்கொள்ளலாம்.