அயோனாவின் ஏழு மருந்துகள்

என் அயோனாவுக்கு,

நாளை நீ வீட்டுக்கு வருகிறாய். அதற்குள் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நேரில் எனக்கு வாய் வராது.

போன குளிர்காலத்தில் என்னைப் பார்த்து, "யாருங்க நீங்க? என் வீட்டுக்காரர் எங்கே?" என்று கேட்டாய். மறதி நோய் என்றார்கள். நானும் நம்பி உன்னை முதியோர் இல்லத்தில் சேர்க்கக் கையெழுத்துப் போட்டேன்.

அங்கே புதிதாக வந்த டாக்டர் மெலே, தோங்கா தீவுக்காரப் பெண், உன் ஏழு மருந்துகளையும் மேசையில் பரப்பினாள். கால்வலிக்கு ஒருவர் எழுதியது, சிறுநீர்ப்பைக்கு இன்னொருவர், தூக்கத்துக்கு வேறொருவர்.

"இதையெல்லாம் யாராவது சேர்த்து வச்சுப் பாத்தாங்களா, தாத்தா? இந்த மூணும் ஒண்ணா சேர்ந்தா இந்த வயசுல புத்தியே மங்கிப்போகும்" என்றாள்.

தூக்க மாத்திரையைக் கேட்டு வாங்கியவன் நான்தான். நீ இரவில் எழுந்து நடக்கிறாய் என்று அப்போதைய டாக்டரிடம் புலம்பினேன். உண்மையில் தூக்கம் தேவைப்பட்டது எனக்கு.

சட்டென்று நிறுத்தினால் ஆபத்தாம். மெலே ஒவ்வொன்றாக, வாரக்கணக்கில் குறைத்தாள். இரண்டாம் மாதம் ஒரு காலையில் நீ என் சட்டையைப் பிடித்திழுத்து, "இதைத் தோய்ச்சு எத்தனை நாளாச்சு? செம்மறிக்கடா மாதிரி நாறுறே!" என்று அதட்டினாய். நான் வெளியே போய், நம் பண்ணை ஆடுகளை ஏற்றும் லாரிக்குள் உட்கார்ந்து அழுதேன்.

கோபம் வந்தால் திட்டித் தீர்த்துவிடு. அதன் பிறகு, இரவில் விழிப்பு வந்தால் என்னையும் எழுப்பு. இரண்டு பேருமாக டீ குடிப்போம். தூக்கத்தை நான் மத்தியானம் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சட்டையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கும் உன் கிழவன்